அந்துருண்டையும் காந்தமும்

அந்துருண்டைக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் ஒன்றும் நடக்காது. அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்துருண்டையில் இருக்கும் அதே நாப்தலீனைச் சிறு படிகமாக வளர்த்து, தலைமுடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, வலுவான மின்காந்தத்தின் முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டால், படிகம் தானாகத் திரும்பி ஒரு வாகில் போய் நிற்கும். வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன் 1930களில் டாக்காவிலும் பிறகு கல்கத்தாவிலும் இப்படித்தான் படிகம் படிகமாகத் தொங்கவிட்டு அளந்துகொண்டிருந்தார்.

எலக்ட்ரான் ஒவ்வொன்றுக்கும் காந்தத் திருப்புத்திறன் உண்டு. எதிரெதிராக ஜோடி சேர்ந்துவிட்டால் வரவும் செலவும் சரியாகிவிடும். ஜோடி கிடைக்காதது மிஞ்சினால் அது பாரா காந்தப் பொருள். ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு மிஞ்சுகின்றன. அதனால்தான் திரவ ஆக்சிஜனை ஊற்றினால் காந்த முனைகளுக்கிடையே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இரும்பில் மிஞ்சியவை பக்கத்து அணுக்களோடு கூட்டுச் சேர்ந்து ஒரே திசை பார்க்கும். 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தக் கூட்டு கலைந்துவிடும். பாடப்புத்தகத்தில் இரும்புக்குத்தான் ராஜமரியாதை. எனக்கென்னவோ எதுவும் மிஞ்சாத பொருள்கள்தான் சுவாரசியம்.

நாப்தலீன் அந்த ரகம், டயா காந்தப் பொருள். காந்தப் புலம் வந்ததும் எலக்ட்ரான்களின் ஓட்டம் இம்மியளவு மாறி, வந்த புலத்தை எதிர்க்கும். அதன் மூலக்கூறு தட்டையானது. இரண்டு அறுகோண வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வளையத்தைச் சுற்றி ஓட எலக்ட்ரான்களுக்கு இடம் தாராளம். ஆகவே புலம் வளையத்தைச் செங்குத்தாகத் துளைத்தால் எதிர்ப்பு அதிகம், தளத்தோடு ஒட்டிப் போனால் குறைவு. எதிர்ப்பு குறைந்த பக்கமாகப் படிகம் திரும்பிக்கொள்கிறது.

அதை அளக்க வேண்டுமே? இழையின் மேல்முனையை மெல்லத் திருகிக்கொண்டே போக வேண்டும். படிகம் லேசில் இடம் கொடுக்காது. இழை முறுக்கேற முறுக்கேறக் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஏறத்தாழ 45 டிகிரி விலகியதும் பிடிவிட்டுச் சட்டென்று புரண்டுவிடும். அதுவரை இழை எவ்வளவு முறுக்கு வாங்கியது என்பதில் விடை இருக்கிறது. இரு திசைகளிலும் எதிர்ப்பு எவ்வளவு வேறுபடுகிறது என்று அது சொல்லிவிடும். அதிலிருந்து, படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கியிருக்கின்றன என்று கணக்கிடலாம்.

எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு, கணினி இல்லாமல், அணுக்களின் இடத்தைத் தேடிய காலம் அது. எங்கிருந்து தொடங்குவது என்று தவித்தவர்களுக்கு இந்தச் சாய்வு நல்ல துப்பு. 1936இல் படிகவியலாளர் காத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்து இதைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.