நம்பர் பிளேட்டைப் படித்தால் போதுமா?

ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் நிரப்பித் தரும் படிவம் 1-இல் பார்வை பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை, கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு, அடையாளம் காண முடிகிறதா? மாலைக்கண் இருக்கிறதா என்றும் அதே படிவம் கேட்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்பவர் விண்ணப்பதாரரேதான். கார் நம்பர் பிளேட்டின் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம். அதை 25 மீட்டரிலிருந்து படிக்க, கண் மருத்துவர் 6/6 என்று குறிக்கும் பார்வையில் ஏறத்தாழப் பாதிக் கூர்மை இருந்தாலே போதும். இந்த அளவைக் கூட்டச் சொல்லி நான் வாதாட வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் சொந்த வண்டி ஓட்டுவோரிடம் இரு கண்ணும் சேர்ந்து இதே பாதிக் கூர்மையைத்தான் கேட்கிறது. என் கவலை வேறு. வண்டி ஓட்டும்போது கண் செய்யும் வேலையில் எழுத்துப் படிப்பது சிறு பங்கு. மீதி வேலைகளில் கண் தவறும்போது அது பெரும்பாலும் ஓட்டுபவருக்கே தெரிவதில்லை. அவருக்கே தெரியாத ஒன்றை அவர் சொல்லும் சொல்லை வைத்து முடிவு செய்கிறோம்.

மருத்துவமனைச் சுவரில் மேலிருந்து கீழாக எழுத்து சிறுத்துக்கொண்டே வரும் பலகையை நெதர்லாந்து மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் 1862-இல் வெளியிட்டார். மோட்டார் கார் பிறப்பதற்கு முந்தைய அளவுகோல் அது. வெள்ளையில் கறுப்பு எழுத்து, அசையாத பலகை, அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர், யோசிக்க வேண்டிய அவகாசம் என்று எல்லாம் அங்கே உண்டு. சாலையில் இவற்றில் ஒன்றும் இல்லை. 1960-களில் கலிபோர்னியாவில் ஆல்பர்ட் பர்க் 17,000-க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களின் பார்வையையும் விபத்துக் கணக்கையும் ஒப்பிட்டபோது, பலகையில் காட்டிய கூர்மைக்கும் விபத்துக்கும் மெலிந்த தொடர்பே தென்பட்டது. பார்வைக்கும் விபத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை என்று இதை வைத்துச் சொல்வோர் உண்டு. அது அவசரமான முடிவு. அளந்ததே தப்பான பொருளாக இருக்கலாம் அல்லவா? பின்னாளில் கார்லீன் பால், சிந்தியா ஔஸ்லி ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் வேறொன்றை அளந்தார்கள். நேரே ஒன்றைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே, ஓரத்தில் ஒரு கணம் தோன்றி மறைவதை ஒருவர் எவ்வளவு அகலத்துக்குள் பிடிக்கிறார் என்று பார்த்தார்கள். முதிய ஓட்டுநர்களில் இந்த அகலம் சுருங்கியவர்களே விபத்தில் அதிகம் சிக்கியிருந்தார்கள். இதில் வியப்பில்லை. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால், ஏறத்தாழ அந்த அகலத்துக்குத்தான் கண் கூர்மையாகக் காண்கிறது. மற்றதெல்லாம் ஓரப்பார்வை. சந்திலிருந்து சைக்கிளில் வரும் பையன் முதலில் அங்கேதான் தட்டுப்படுகிறான்.

கண் நீர் அழுத்த நோய் என்னும் கிளாக்கோமா அரிக்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்த ஓரப்பார்வையை. பொதுவாக வலி இருக்காது, கறுப்புத் திட்டும் தெரியாது. பார்வை போன இடத்தை அக்கம்பக்கத்துச் சாயலைக் கொண்டு மூளையே நிரப்பிவிடுகிறது. நோய் வெகுதூரம் முற்றும்வரை அவர் பலகையின் கடைசி வரியைக்கூடத் தடங்கலின்றிப் படிக்கக்கூடும். அனுபவமுள்ள ஓட்டுநர் தன் குறையைச் சமாளித்துக்கொள்வார் என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர் தலையை நன்றாகத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்கிறார் என்பது உண்மைதான். ஆனால் அவருக்குத் தன் குறை தெரியும். கிளாக்கோமாக்காரருக்குத் தெரியாது.

இரவில் இந்த அறியாமை எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷெல் லைபோவிட்ஸ் 1970-களில் இதற்கொரு விளக்கம் தந்தார். நமக்குள் இரண்டு விதப் பார்வை வேலை செய்கிறது: ஒன்று வழியைப் பிடித்துக்கொண்டு போக உதவுவது, மற்றது எதிரே இருப்பது என்னவென்று இனங்காண்பது. வெளிச்சம் குறையும்போது இரண்டாவது வேகமாக மங்குகிறது. முதலாவது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. வண்டி கோட்டை விட்டு விலகாமல் ஓடுவதால், எல்லாம் சரியாகத் தெரிகிறது என்ற நம்பிக்கை ஓட்டுபவருக்குக் குறைவதே இல்லை. பகலில் போன வேகத்திலேயே இரவிலும் போகிறார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்றாலும் 25 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகு நல்ல பிரேக், காய்ந்த சாலை என்றாலும் இன்னும் 20 மீட்டர். டிம் லைட்டில் கறுப்பு உடைக்காரர் அந்த 45 மீட்டருக்கு முன்பே கண்ணில் பட வேண்டும்.

படுவாரா என்பதை ஜோன் வுட் குழுவினர் ஆஸ்திரேலியாவில் போக்குவரத்து இல்லாத தனிச் சாலையில் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். டிம் லைட், எதிரே கூசும் வெளிச்சம், நடப்பவருக்குக் கறுப்பு உடை என்ற நிலையில், ஓட்டுநர்கள் அடையாளம் கண்டது நூற்றுக்கு 5 தடவைதான். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு போன்ற மூட்டுகளில் ஒளிரும் பட்டை கட்டி, எதிர் வெளிச்சம் இல்லாமல் பிரைட் லைட் எரிந்தபோது நூற்றுக்கு நூறு. மூட்டுகள் அசைவதைக் கண்டதும் இது மனிதர் என்று மூளை உடனே பிடித்துக்கொள்கிறது. தைப்பூசத்துக்கு இரவோடு இரவாகப் பழநிக்கு நடப்பவர்கள் ஒளிரும் பட்டையைத் தோள்பையில் ஒட்டுவதைவிடக் கணுக்காலில் கட்டுவது நல்லது. நடப்பவருக்கு வண்டி நன்றாகத் தெரிவதால், வண்டிக்காரருக்கும் தான் தெரிவதாக அவர் நினைத்துக்கொள்கிறார். அந்த நினைப்பே பல உயிர்களை வாங்குகிறது.

வயது இதை மேலும் கடினமாக்குகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதுக்காரரை எட்டுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கண்புரை தொடங்கிவிட்டால் எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறி, பார்க்கும் காட்சியின் மேல் வெள்ளைத் திரையாகப் படர்கிறது. ஔஸ்லி குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் விபத்தில் சிக்கிய விகிதம், செய்துகொள்ளாதவர்களின் விகிதத்தில் பாதியாக இருந்தது. அறுவையைத் தேர்ந்தெடுத்தவர்கள் இயல்பிலேயே கவனமானவர்களாக இருந்திருக்கலாமே என்று கேட்பது நியாயம். 2018-இல் கனடாவின் ஒன்டாரியோவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அறுவைக்கு முன்னும் பின்னுமாக, அவரவரோடே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடுமையான விபத்துகள் 9 சதவீதம் குறைந்திருந்தன. பாதியைவிட மிகச் சிறிய எண், ஆனால் நம்பத் தகுந்த எண். இரவில் ஓட்டுவதற்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடிக்கு இப்படி ஓர் ஆதாரமும் இல்லை. 2019-இல் ஹார்வர்டோடு இணைந்த ஷெப்பன்ஸ் ஆய்வகம் சோதித்தபோது, நடப்பவரைக் கண்டுகொள்வதில் அது உதவவில்லை.

வலுவான மறுப்பு இன்னொன்று: இந்தியச் சாலைகளில் கொல்வது வேகமும் குடியும்தானே, கண்ணா? 2022-இல் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். விபத்துகளில் 70 சதவீதத்துக்கும் மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் நடந்தவை 64,105. எண்ணிக்கையில் வேறெந்த மாநிலத்தையும்விட அதிகம். வேகத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிவேகம் என்பது எதோடு ஒப்பிட்டு? 50 கிலோமீட்டர் பகலில் நிதானம். 30 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் புலப்படாத கண்ணுக்கு இரவில் அதுவே அதிவேகம். விபத்துக்குப் பிறகு வேகத்தை ஊகிக்க டயர்த் தடம் இருக்கிறது, குடியைக் காட்ட ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அந்த இரவில் ஓட்டுநருக்கு என்ன தெரிந்தது என்பதற்கு எந்தத் தடயமும் மிஞ்சுவதில்லை. நாட்டின் விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாலை 6 முதல் 9 மணிக்குள் நடக்கிறது. அந்நேர நெரிசலும் காரணம்தான். மங்கும் வெளிச்சத்துக்கு அதில் பங்கே இல்லை என்று நம்ப எனக்கு வழியில்லை.

பார்வைச் சோதனையைக் கடுமையாக்கினால் லாரி, ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர்கள் வயிற்றில் அடிப்பதாகும் என்ற அச்சம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. அது வெறும் சாக்கு இல்லை. ஆனால் நம் நாட்டில் பார்வை குறைவதற்கு முதன்மைக் காரணங்கள் கண்ணாடியால் தீரும் குறையும் கண்புரையும்; இரண்டுமே சரிசெய்யக்கூடியவை. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவையை ஏழைக்கும் எட்டச் செய்து உலகுக்கே காட்டிய மாநிலம் இது. இங்கே 18 வயதில் சொந்த வண்டிக்கு உரிமம் வாங்குபவருக்கு அது 40 வயதுவரை செல்கிறது. இடையில் 22 ஆண்டுகள் அவர் கண்ணைச் சட்டம் திரும்பிப் பார்ப்பதில்லை. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களில் நடத்தும் கண் முகாமில் எழுத்துப் பலகையோடு பெல்லி–ராப்சன் பலகையையும் மாட்டலாம். அதில் எழுத்துகள் எல்லாம் ஒரே அளவு, கீழே போகப்போக மை மட்டும் வெளுத்துக்கொண்டே போகும். சில நிமிடம்தான் பிடிக்கும். ஓரப்பார்வையையும் விழி அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்து, கண்ணாடியை அங்கேயே கையில் கொடுத்து, கண்புரை உள்ளவருக்கு அறுவைக்கு நாளும் குறித்துத் தந்துவிட்டால், உரிமம் பறிபோகும் என்று பயந்து எவரும் தன் கண்ணை மறைக்க வேண்டியிருக்காது.