நாலு தானியம் விளைந்தால் தட்டில் நாலு வகையா?

வயலில் பல பயிர் இருந்தால் அந்த வீட்டுச் சாப்பாடும் பலவகையாக இருக்கும். கேட்டவுடனே சரி என்றுதான் தோன்றும். ஆனால் எண்களைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

சிபாத்து, கிருஷ்ணா, கைம் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2015-ல் இந்தோனேசியா, கென்யா, எத்தியோப்பியா, மலாவி நாடுகளின் சிறு விவசாயக் குடும்பங்களை வைத்து இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக, கூடுதலாக ஒரு பயிரோ ஒரு கால்நடை இனமோ சேர்ந்தால் அந்த வீட்டில் சாப்பிடும் உணவு வகைகள் கூடுவது 1 சதவீதத்துக்கும் கீழே. சந்தை 10 கிலோமீட்டர் பக்கத்தில் வந்தாலே அதே பலன் கிடைக்கிறது. ஏற்கனவே நிறையப் பயிர் வைத்திருக்கும் இடங்களில் இன்னொரு பயிரால் பலனே தெரியவில்லை. ஒன்றிரண்டை மட்டும் நன்றாக விளைவித்து விற்றால் வரும் காசு கைவிட்டுப் போகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

எனக்கு இதில் சுவாரசியமாகப் பட்டது அளவுகோல்தான். இந்த மாதிரி ஆய்வுகளில் உணவை வழக்கமாக 12 குழுக்களாகப் பிரிப்பார்கள்: தானியம், கிழங்கு, காய்கறி, பழம், பருப்பு, முட்டை, மீன், பால் என்று போகும். சாமை, தினை, வரகு, கேழ்வரகு நாலும் விதைக்கிறவருக்குப் பயிர்க் கணக்கில் நாலு மார்க். உணவுக் கணக்கில் ஒன்றே ஒன்று. நாலுமே தானியம்! (எங்கள் டேட்டாபேஸ் பாஷையில் நாலு ரோ, ஒரே வேல்யூ.) வெறும் நெல் போட்டு, கொல்லையில் ரெண்டு கோழியும் ஒரு முருங்கை மரமும் வைத்திருப்பவர் சுலபமாக இவரை முந்திவிடுவார்.

அதற்காக அளவுகோல் சொல்வதே வேதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் இருந்தால் அதிகம். களியிலிருந்து சோற்றுக்கு மாறிய வீட்டில் இவ்வளவு இழப்பு நடந்தும் குழுக் கணக்கு அப்படியேதான் நிற்கும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மானாவாரியில் கேழ்வரகு போடும்போது நடுநடுவே சாலுக்கு மொச்சை, துவரை, கடுகு விதைக்கிற பழக்கம் உண்டு. ‘என்ன பயிர்?’ என்று கேட்டால் ‘ராகி’ என்று மட்டும்தான் பதில் வரும். ஆனால் பருப்பு என்ற குழுவை வீட்டுக்குள் கொண்டுவந்தது அந்த ஊடுபயிர்தான். காசுப்பயிருக்கு நிலம் மாறும்போது, போனது ராகி என்று எழுதிக்கொள்கிறோம். கூடவே போன மொச்சையை யாரும் எழுதுவதில்லை.

கொல்லிமலையில் சாமை குறைந்து மரவள்ளி பரவியதற்குக் காசு ஒரு காரணம். கீழே ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. இன்னொரு காரணம் உலக்கை. கேழ்வரகை அப்படியே அரைக்கலாம். சாமையை உமி நீக்கினால்தான் உலையில் போட முடியும், கையால் குத்துவது லேசான வேலை இல்லை, அதுவும் பெண்கள் தலையில்தான் விழும். ரேஷன் அரிசியில் அந்தத் தொல்லையே கிடையாது. அதனால்தான் அங்கே சிறுதானியங்களை மீட்க வந்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதையோடு நிற்காமல், உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊருக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது.