கடல் கடந்து வந்த அட்டைகள்

சிற்றலை வானொலி கேட்பது ஆண்களின் பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். வெள்ளவத்தையில் நான் 50 வருடமாக அதைச் செய்து வருகிறேன், பெரும்பாலும் இரவுச் சமையலுக்குப் பிறகு. தூரத்து நிலையமொன்றைக் கேட்டு எழுதினால், அத்தாட்சியாக ஓர் அட்டை அனுப்புவார்கள். கியூ.எஸ்.எல். அட்டை என்று பெயர்.

அது சும்மா வராது. "உங்கள் நிகழ்ச்சி நன்று" என்று எழுதினால் போதாது. திகதி, அலைவரிசை, அறிவிப்பாளர் சொன்ன விடயம், இடையில் வந்த இசை எல்லாம் வேண்டும். ஒலியின் வலிமை, இடையூறு, இரைச்சல் முதலான ஐந்துக்கும் 1 முதல் 5 வரை புள்ளியிட வேண்டும். நேரத்தைச் சர்வதேச நேரத்தில் குறிக்க வேண்டும். நம் நேரத்தில் ஐந்தரை மணித்தியாலம் கழித்தால் சரி. ஆனால் 1996இல் நாட்டின் கடிகாரத்தையே மாற்றினார்கள். முதலில் ஆறரை, பின்பு ஆறு என்று கழித்தோம். 2006 ஏப்ரலில்தான் பழைய கணக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் விரல்விட்டுத்தான் எண்ணினேன்!

1983 யூலையில் எங்கள் வீடு எரிந்தது. அட்டைகளோடு குறிப்புப் புத்தகமும் போயிற்று. புத்தகம் இல்லாமல் எந்த நிலையத்திடம் என்னவென்று திரும்பக் கேட்பது? கொட்டாஞ்சேனையிலிருந்த சின்னம்மா பார்ப்பதற்காக வாங்கிப்போன மூன்று அட்டைகள் மட்டும் மிஞ்சின. முகாமில் ஒருவரின் சிறிய வானொலியைச் சூழ்ந்து நின்று, நம் தெருக்களில் நடந்ததை வெளிநாட்டுச் செய்தியில் கேட்டோம். அன்று அட்டை பற்றிய நினைவே எனக்கில்லை. அடுத்த வருடம் புதுக் கொப்பியில் முதலாம் இலக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். "இனியும் இதா?" என்றார் அம்மா. முத்திரைக்குக் காசு தந்தவரும் அவர்தான்.

இப்போது நிலையங்களே குறைந்துவிட்டன. நெதர்லாந்து வானொலியின் சிற்றலை ஒலிபரப்பு 2012இல் நின்றது. பி.பி.சி. தமிழோசை வானொலி 2017 ஏப்ரலிலும், மணிலா வெரித்தாஸின் சிற்றலை 2018இலும் ஓய்ந்தன. அவற்றின் அட்டைகளை இனி எவரும் புதிதாகப் பெற முடியாது.

தொடங்க விரும்பும் சகோதரிகள் ஜப்பான், ருமேனியா நிலையங்களைத் தேடிப் பாருங்கள். கேட்கும்போது எல்.ஈ.டி. மின்குமிழையும் தொலைபேசிச் சார்ஜரையும் அணைத்துவிடுங்கள். அவை தரும் இரைச்சல் பொல்லாதது. கடற்கரைப் பக்கத்து வீடென்றால் அட்டைகளைத் தகரப்பெட்டியில் வைக்காதீர்கள். உப்புக்காற்றில் பெட்டி துருப்பிடித்து, கறை அட்டையிலும் ஏறிவிடும்.