நுண்குழாய்களில் பாகுமீட்சி நீர்மங்களை வளி இடம்பெயர்த்தல்: ஒரு விளக்கம்

முன்னுரை

நீர்மம் நிறைந்த குறுகிய குழாயினுள் ஒரு முனையிலிருந்து வளியைச் செலுத்தினால், அது நீர்மம் முழுவதையும் வெளித்தள்ளிவிடுவதில்லை. வளி நீண்ட குமிழாகக் குழாயின் நடுவே முன்னேற, நீர்மத்தின் ஒரு பகுதி சுவரில் படலமாக எஞ்சுகிறது. எஞ்சும் அளவை எது முடிவு செய்கிறது என்பதே இங்கு எழும் வினா. எளிய நீர்மங்களுக்குக் கண்டறியப்பட்ட விடை, பாகுமீட்சி நீர்மங்களுக்கு ஏன் போதாது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எளிய நீர்மங்கள்

1935ஆம் ஆண்டு ஃபேர்பிரதர், ஸ்டப்ஸ் ஆகிய இருவரும், நுண்குழாயில் செல்லும் குமிழ் நீர்மத்தின் சராசரி வேகத்தைவிட விரைந்து செல்வதை அளந்து காட்டினர். சுவரில் படலம் தங்குவதே இதற்குக் காரணம். 1961இல் பிரதர்ட்டன் இதற்குக் கோட்பாடு வகுத்தார். பாகியல் எண்ணைக் குமிழின் வேகத்தால் பெருக்கிப் பரப்பு இழுவிசையால் வகுத்தால் கிடைப்பது நுண்புழை எண். இது மிகச் சிறியதாக இருக்கையில், படலத்தின் தடிமன் இவ்வெண்ணின் மூன்றில் இரண்டு அடுக்கிற்கு நேர்விகிதத்தில் அமையும். அதாவது, வேகம் 8 மடங்கானால் தடிமன் 4 மடங்காகும். நுண்புழை எண் 0.001 எனில், படலம் குழாய் ஆரத்தில் ஏறத்தாழ 1.3 விழுக்காடு இருக்கும்.

வேகம் மிகும்போது இவ்வளர்ச்சி ஓர் எல்லையை அடைகிறது. அதே 1961இல் டெய்லர் செய்த சோதனைகளில் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பில் 56 விழுக்காடு வரை நீர்மம் எஞ்சியது. அடுத்த ஆண்டு காக்ஸ் இவ்வெல்லை 60 விழுக்காட்டை ஒட்டியது எனக் கண்டார். ஆக, எளிய நீர்மங்களில் நுண்புழை எண் ஒன்றே படலத்தை முடிவு செய்கிறது எனலாம்.

பாகுமீட்சி நீர்மங்கள்

வெல்லப்பாகு தடித்தது; ஆயினும் அதனை இழுத்து விட்டால் பின்வாங்குவதில்லை. முட்டை வெண்கருவோ இழுத்து விட்டால் சற்றே பின்சுருங்கும். பாகுநிலையும் மீட்சியும் ஒருங்கே அமைந்த இத்தகைய நீர்மங்களே பாகுமீட்சி நீர்மங்கள். உருகிய நெகிழி, மூச்சுப்பாதைச் சளி ஆகியனவும் இவ்வகையின.

இவற்றை அளக்க மற்றோர் எண் தேவைப்படுகிறது. நீர்மம் தன் பழைய நிலைக்குத் தளரும் காலத்தை ஓட்டத்தின் காலத்தோடு ஒப்பிடுவது டெபோரா எண். விவிலியத்தின் நீதித்தலைவர்கள் நூலில் டெபோரா பாடும் பாடலை நினைந்து மார்க்கஸ் ரெய்னர் இப்பெயரை இட்டார்.

இவ்வெண் சிறிதாக இருக்கையில் படலம் சற்று மெலியக்கூடும் எனக் கோட்பாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அது 1ஐ ஒட்டியும் அதனைக் கடந்தும் செல்கையில், படலம் எளிய நீர்மத்தின் அளவையும் விஞ்சித் தடிப்பதை 1997இல் ஹுசியாக், கோலிங் ஆகியோரின் சோதனைகள் காட்டின.

இதற்கான காரணம் குமிழின் முனையில் உள்ளது. எதிரே உள்ள நீர்மம் அம்முனையைச் சுற்றிச் சுவரை நோக்கி ஒதுங்குகையில் நீட்டப்படுகிறது. சுருண்டிருந்த நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் விரிந்து அந்நீட்டத்தை எதிர்க்கின்றன. இவ்வெதிர்ப்பு நுண்புழை எண்ணில் இடம்பெறுவதில்லை. எனவே பாகியல் எண்ணும் பரப்பு இழுவிசையும் ஒத்த இரு நீர்மங்கள், ஒரே வேகத்தில் தள்ளப்பட்டும், வேறுவேறு தடிமனுள்ள படலங்களை விட்டுச்செல்லலாம். இதற்கு மாறாக, ஓட்டம் விரையுந்தோறும் பாகுநிலை குறையும் நீர்மங்களில் எஞ்சும் அளவு 60 விழுக்காட்டிற்கும் கீழ் இறங்கும். உருகிய நெகிழியில் இவ்விரு பண்புகளும் கலந்தே உள்ளன.

முடிவுரை

உருகிய நெகிழியினுள் நைட்ரசனைச் செலுத்தி உள்ளீடற்ற பொருள்களை வார்க்கும் தொழிலில், எஞ்சும் படலமே பொருளின் சுவராகிறது. அதன் தடிமனைத் தவறாகக் கணித்தால் பொருளின் வலிமை பற்றிய கணிப்பும் தவறும். சளியால் அடைபட்ட மூச்சுச் சிறுகுழலைக் காற்று திறக்கும் நிகழ்விலும் இதே இயக்கம் நிகழ்கிறது. ஆகவே, இந்நீர்மங்களை வெறும் ‘தடித்த நீர்மம்’ எனத் தமிழில் குறிப்பது பொருந்தாது. அச்சொல் பாகுநிலையை மட்டும் சுட்டி, வேறுபாட்டிற்குக் காரணமான மீட்சியை மறைத்துவிடுகிறது. இரு பண்புகளையும் தாங்கும் ‘பாகுமீட்சி’ என்னும் கலைச்சொல்லே கருத்துத் தெளிவிற்கு இன்றியமையாதது.