சிரங்கு ஆறியும் முடிச்சு போகவில்லையா?

குழந்தைக்குச் சிரங்கு மருந்து தடவி மூன்று வாரமாகிறது. விரலிடுக்கில் இருந்த பொரிப்பொரியான புண்கள் ஆறிவிட்டன. அக்குளிலும் தொடையிடுக்கிலும் மட்டும் துவரம்பருப்பு அளவில் செம்பழுப்பு முடிச்சுகள், ராத்திரியானால் நமைச்சல். "மருந்து கேட்கவில்லை" என்று குருவிகுளத்துத் தாய் ஒருவர் சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினால், மருத்துவர் முதலில் கேட்பது, "வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு?" என்பதாகத்தான் இருக்கும்.

சிரங்கைக் கொண்டுவருவது சார்கோப்டிஸ் என்னும் நுண்ணுண்ணி. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் உண்ணி, மேல்தோலில் வளை தோண்டி நாளுக்கு இரண்டு மூன்று முட்டையிடும். பெரும்பாலோர் உடம்பில் இருப்பவை 10, 15 உண்ணிகள்தான். அவற்றின் எச்சிலையும் கழிவையும் நம் உடல் எதிர்ப்பதால்தான் இத்தனை அரிப்பு. முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் ஒரே பாயில் படுக்கும் அண்ணன், தங்கை, ஆச்சிக்கும் பரவியிருக்கும்.

சில குழந்தைகளுக்கு அந்த ஒவ்வாமை முடிச்சாகத் திரள்கிறது. சிகிச்சை முடிந்த பின்னும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் அது நீடிக்கும். அப்போது அதற்குள் உயிருள்ள உண்ணி பெரும்பாலும் இருக்காது. ஆகவே பூச்சிமருந்தையே திரும்பத் திரும்பத் தடவினால் தோல்தான் எரியும். ஒவ்வாமையை அடக்கும் ஸ்டீராய்டு களிம்பு இங்கேதான் உதவுகிறது.

ஆனால் முறை மாறக் கூடாது. முதலில் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை, அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே இரவில் கழுத்து முதல் பாதம் வரை, நகக்கண் விடாமல் பூச வேண்டும். கைக்குழந்தைக்குக் கண், வாய் தவிர்த்துத் தலையிலும் முகத்திலும் பூசுவார்கள். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு மருத்துவர் சொல்வதே வழி. 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும். துணி, போர்வையை வெந்நீரில் அலச வேண்டும். முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் மூன்று நாள் கட்டி வைத்தால் போதும்.

உண்ணி ஒழிந்த பிறகும் நிற்கும் முடிச்சின்மேல் மட்டும், மருத்துவர் சொன்ன வீரியத்தில், சொன்ன நாள் வரை ஸ்டீராய்டு தடவலாம். அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோல் மெல்லியது. மருந்து அதிகம் உள்ளிறங்கும். நாள் நீண்டால் தோல் மெலிந்து வரி விழும். குழந்தையின் ஹார்மோன் சுரப்பும் வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். உண்ணி உயிரோடிருக்கும்போதே தடவினால் அரிப்பு மட்டும் அடங்கி, உண்ணி பெருகும். சிரங்கின் அடையாளம் மாறி, மருத்துவருக்கே பிடிபடாமல் போகும்.

தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு அறிவித்தது. சிரங்கை உலக சுகாதார நிறுவனம் 2017இலேயே கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களில் சேர்த்துவிட்டது.

புதிதாகப் பொரி கிளம்பினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.