முதிய அங்கத்தினரும் பழைய நூல்களும்

தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-இல் தொடங்கிய மின்னூலகத்தில் பழைய நூல்களும் பத்திரிகைகளும் கட்டணமின்றி வாசிக்கக் கிடைக்கின்றன. ஆயினும், தறியிலும் வயலிலும் காலங்கழித்த நம் முதிய அங்கத்தினர்களுக்குக் கணினியில் எழுத்துக்கூட்டித் தேடுதல் எளிதன்று. அதுகொண்டு அவர்களைத் தற்குறிகளெனக் கருதலாகாது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்குமுன் அச்சான நூல்களில் 'லை', 'னை' முதலியன யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் விளங்கும். இளைஞர் அங்கே தடுமாறுவர். பெரியவரோ தடையின்றிப் படிப்பார்!

ஆதலின், சங்க வாசகசாலையில் மாலைதோறும் ஓர் இளைஞர் அமர்ந்து, பெரியவர் கேட்கும் நூலைத் தேடியெடுத்து, பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுதல் வேண்டும். கண் மங்கியோர்க்குப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தரலாம். தாட்செலவைச் சங்கமே ஏற்பது முறையென்று கருதுகிறோம். 'இராமசாமி' என்று தேடிக் கிட்டாத நூல் 'ராமசாமி' என்று தேடக் கிட்டலாம். இரண்டையும் பார்த்த பின்னரே இல்லையென்று சொல்லுக.