ஜூடோ பயிலும் குழந்தையின் உடல்நோவு

ஜூடோ என்னும் ஜப்பானிய மற்போர்க் கலையைப் பயிலத் தம் குழந்தைகளை அனுப்பும் பெற்றோர், முதற் பயிற்சிக்கு மறுநாள் ஒரு முறையீட்டைக் கேட்பது வழக்கம். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சிரித்தால் வயிறு நோகிறது. படியிறங்கத் தொடை மறுக்கிறது. எழுதுகோலைப் பற்ற விரல் கூசுகிறது. இதைக் கேட்டதும் ஒரு சாரார், "இந்த முரட்டு வித்தை நமக்கு வேண்டா" என்று குழந்தையை நிறுத்திவிடுகின்றனர். மற்றொரு சாரார், "வீரனுக்கு வலி ஏது? வாய் பேசாமற் போ" என்று விரட்டுகின்றனர். இரு சாராரும் தவறுகின்றனர் என்பது நமது துணிபு. முன்னவர் தவறினால் ஒரு நல்ல பயிற்சி வீணாகும். பின்னவர் தவறினாலோ குழந்தையின் உயிருக்கே கேடு வரலாம்.

ஜூடோ என்னும் சொல்லுக்கு மென்மை நெறி என்பது பொருள். இதனை வகுத்த கானோ ஜிகோரோ 1860இல் பிறந்தவர், இளமையில் மெலிந்த உடலினர், வலியாரால் துன்புறுத்தப்பட்டவர். அவர் பழைய ஜுஜுத்ஸு வித்தைகளைக் கற்று, அவற்றுள் அபாயமானவற்றை நீக்கி, 1882இல் டோக்கியோ நகரத்து எய்ஷோஜி ஆலயத்தில், 12 பாய்கள் விரித்த சிறு கூடத்திலே கோடோகான் என்னும் தம் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். ஆற்றலைச் சிறிதும் வீணாக்காது பயன்படுத்துதல், தானும் பிறரும் ஒருங்கே நலம்பெறுதல் என்னும் இரண்டு கொள்கைகளை அவர் அதற்கு அடிப்படையாக வைத்தார். எதிரியை அழிப்பதன்று, உடனிருப்பவனை வளர்ப்பதே அவர் கருத்து.

இக்கலைக்கும் நம் பாரத நாட்டுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. மகாகவி ரவீந்திரநாத தாகூர் 1929இல் தகாகாகி ஷின்ஸோ என்னும் ஜப்பானிய ஆசிரியரைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்து மாணவருக்கு ஜூடோ கற்பித்தார். பெண்களும் அங்கே அதனைப் பயின்றனர்; பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னின் அன்னையார் அமிதா சென் அவர்களுள் ஒருவர். அடிமைப்பட்டிருந்த காலத்திலேயே, அறிவோடு உடலும் உரம்பெற வேண்டும், பெண்ணும் அஞ்சாது நிற்க வேண்டும் என்று அப்பெரியார் விரும்பினார்.

இனி நோவின் காரணத்தை ஆராய்வோம். ஜூடோவில் முதற்பாடம் வீழ்த்துவதன்று, வீழ்வது. உகெமி எனப்படும் இப்பாடத்தில், மல்லாந்து விழும் மாணவன் மோவாயை மார்போடு சேர்த்துத் தலையைத் தரையில் படாமற் காக்க வேண்டும். கைகளால் பாயை அறைந்து வீழ்ச்சியின் வேகத்தைச் சிதறச் செய்ய வேண்டும். தலையைத் தாங்கும் வேலை முன்கழுத்துத் தசைகளுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் உரியது. அன்றாட வாழ்வில் அவற்றுக்கு இத்துணை உழைப்பு இல்லை. எதிராளியின் சட்டையை விடாது பற்றுவதால் முன்கையும் விரல்களும் நோகின்றன. தாழ்ந்து எழுவதால் தொடை நோகிறது.

பழகாத உழைப்பினால், அதிலும் நீளும்போதே சுமையைத் தாங்கும் உழைப்பினால், தசையிழைகளில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. உடல் அவற்றைச் செப்பனிடும் காலத்தில் நோவு தோன்றுகிறது. ஆகையால் அது பயிற்சியின்போது தோன்றாது மறுநாள் தோன்றி, இரண்டு மூன்று நாளில் உச்சமடைந்து, ஒரு வாரத்துக்குள் தணிகிறது. தசையில் அமிலம் தேங்குவதே காரணம் எனப் பலர் கூறுவது பொருந்தாது. அவ்வமிலம் உழைப்பு நின்ற சிறிது நேரத்திலேயே நீங்கிவிடும். ஒருமுறை செப்பனிடப்பட்ட தசை மறுமுறை அதே உழைப்புக்கு அத்துணை நோவதில்லை. எனவே இந்நோவு நோயன்று. இளஞ்சூட்டு நீரில் குளியல், நல்லுறக்கம், மெல்லிய நடை, ஓரிரு நாள் இடைவெளி ஆகியவையே போதும்.

ஆனால் எல்லா வலியும் இவ்வகையினது என்று எண்ணுவது பேதைமை. ஜூடோவின் தாயகத்திலே 1983 முதல் 2011 வரை பள்ளிக்கூட ஜூடோவில் 100க்கு மேற்பட்ட மாணவர் உயிரிழந்தனர். அவர்களிற் பலர் தலையில் நேர்ந்த ஊற்றினால் மாண்டவர். வீழப் பழகுமுன்னரே வீழ்த்தப்பட்ட புதியவர்களும் அவர்களுள் உளர். வலியைச் சொல்வது கோழைமை என்று கருதும் கூடத்தில், தலைவலியோடு மீண்டும் பாயில் ஏறும் சிறுவனைத் தடுப்பார் யார்? 2012இல் அந்நாட்டு நடுநிலைப் பள்ளிகளில் போர்க்கலைகள் கட்டாயப் பாடமானபொழுது, பிள்ளைகளை இழந்த பெற்றோரின் குரலும் ஆராய்ச்சியாளரின் குரலும் ஓங்கி ஒலித்தன. பாதுகாப்பு விதிகள் வலுப்பெற்றன. 2022இல் அகில ஜப்பான் ஜூடோ சம்மேளனம், வெற்றி வெறி மிகுந்துவிட்டதென்று கண்டு, தொடக்கப்பள்ளிச் சிறுவருக்கான தேசியப் போட்டியையே நிறுத்திவிட்டது. ஒலிம்பிக்கில் பதக்கங்களைக் குவிக்கும் நாடு இவ்வாறு செய்தது; அதனால் அதன் பெருமை குன்றிவிடவில்லை.

ஆகவே பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடு இது. இரு பக்கத்தும் ஒத்துப் பரந்து, அசைய அசையத் தளர்ந்து, நாளுக்குநாள் குறைவது நோவு. ஓரிடத்தில் குத்துவது, மூட்டில் நிற்பது, வீங்குவது, நொண்டச் செய்வது, இரவில் விழிக்கச் செய்வது, ஒரு வாரம் கடந்தும் நீடிப்பது ஊறு. வளரும் எலும்பின் முனைகள் குருத்தாக இருப்பதால், குழந்தையின் மூட்டுவலியைச் சுளுக்கென்று தள்ளிவிடலாகாது. வீழ்ந்தபின் தலைவலி, வாந்தி, மயக்கம், தடுமாற்றம், கைகால் மரத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், சிறுநீர் கருநிறமாக இறங்கினும், கணமும் தாமதியாது வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

ஆசிரியரைத் தெரிந்துகொள்வதும் பெற்றோர் கடனே. அவர் பல வாரங்கள் வீழ்தலையே கற்பிக்கிறாரா? புதியவனைப் பெரியவனிடம் விட்டுவிடாது காக்கிறாரா? மூட்டை முறுக்கும் பிடிகளைச் சிறுவருக்கு விலக்குகிறாரா? "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டு, விடையைச் செவிமடுக்கிறாரா? இவற்றுக்கு ஆம் என்று விடை கிடைக்குமாயின், மூன்று நாள் நோவுக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டில் இருத்த வேண்டா.

நாட்டுக்கு வேண்டுவது வலியறியாத மரப்பாவைகள் அல்லர். தன் உடலின் மொழியை அறிந்து, தாங்கத் தக்கதைத் தாங்கி, சொல்லத் தக்கதை அச்சமின்றிச் சொல்லும் மக்களே வேண்டும். தன் வலியை உள்ளபடி சொல்லக் கற்ற குழந்தை பிறர் வலியையும் உணரும். தேசத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்கள் ஊர்தோறும் பயிற்சிக்கூடங்களை நிறுவட்டும். நிறுவுமுன் இவ்வுண்மையை அவற்றின் முதல் விதியாக எழுதிவைக்கட்டும்.